இரண்டு ரூபாய் வீடு

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிர்வரிசையில்
என் ஜெராக்ஸ் கடை.
பூலுடையாரின் வீடு என்னிடம்தான் இருக்கிறது,
மேஜையின் இடது இழுப்பறையில்,
பிளாஸ்டிக் உறைக்குள், நாலாய் மடித்து.

சீவலப்பேரி, கீழத்தெரு, கதவு எண் பதினேழு.
வீட்டு வரி நூற்றுப் பன்னிரண்டு, செலுத்தப்பட்டது.
கண்ணாடியின் மேல் கவிழ்த்து மூடுவேன்.
பச்சை வெளிச்சம் வாசலிலிருந்து புறவாசல் வரை
ஒருமுறை நடந்து போகும்.
வீடு சுடச்சுட வெளியே வரும்.
பக்கம் இரண்டு ரூபாய்.

அந்த வீடு இப்போது இல்லை.
மார்கழி வெள்ளத்தில்
ஆறும் சிற்றாறும் சேர்ந்து வந்து
இரண்டு சுவரைக் கொண்டுபோயின.
மூன்றாவதைப் பஞ்சாயத்து இடித்தது, ஆபத்தென்று.
நாலாவதன் நிழலில் யாரோ ஆடு கட்டுகிறார்கள்.
ரசீது மட்டும் நனையவில்லை.
அன்றைக்கு அது இங்கே இருந்தது.
வரியை இன்றும் வாங்கிக்கொள்கிறார்கள்.
இல்லாமல் போன பிறகு
பதினோரு பேரை வெளியே எடுத்திருக்கிறது அந்த வீடு.
பூலுடையார் படுப்பது
என் கடை மாடிப்படிக்கு அடியில்.

உலகம்மை முக்கூடல் பஸ்ஸில் வந்தாள்.
நகக்கண்ணில் புகையிலைத் தூள்.
உத்தரவு இங்கிலீஷில் இருந்தது.
"படிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."
தலா பத்தாயிரத்துக்கு இரண்டு பேர்.
அதில் ஒருவர் ரத்த சொந்தம்.

வாழைத் தோட்டம், மோட்டார் ஒயர், ஆறு கிலோ செம்பு.
ஜாமீன் கிடைத்து நாற்பத்தோரு நாள்.
நாற்பத்தோரு நாளாய் அவள் தம்பி
வெளியே விடப்பட்டு உள்ளே இருக்கிறான்.

"ரத்த சொந்தம் நான்தானே? நானே நிக்கேன்."
வாடகை வீடு. ரசீது வேறொருவர் பேரில்.
ரத்தம் இருந்தது.
வரி இல்லை.

இன்னொரு ஆளுக்குக் குமாஸ்தா ஏற்பாடு செய்தார்.
இந்த ஆள் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்,
கோர்ட்டுக்கு மட்டும் போடும் செருப்போடு.
"மூவாயிரம். குமாஸ்தாவுக்கு ஐந்நூறு தனி.
பயலுக்கு நான் என்ன முறை வேணும்,
சித்தப்பனா, தாய்மாமனா?"

இலை சுருட்டும் விரல்கள் தாமாய் மடிந்து எண்ணின.
ஆயிரத்துக்கு இருநூற்றைம்பது என்றால்
பதினாலாயிரம் பீடி.
"தாய்மாமனே இருங்க" என்றாள்.
"எங்களுக்கு இல்ல."

அதே வாரம் கருத்தரங்க நோட்டீஸ் எடுக்க வந்தார்கள்,
மஞ்சள் தாளில் இருநூறு.
ஜாமீனே விதி, சிறை விதிவிலக்கு.
காசு கட்ட வந்த உலகம்மை
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
"விதின்னா, தலையெழுத்தா அண்ணாச்சி?"
நான் மெஷினைத் திறந்து
சிக்காத தாளைத் தேடினேன்.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், மிச்ச நோட்டீஸ் கொடுக்க.
ஏழையிடம் வீடு கேட்காதே, கையெழுத்து போதும் என்றார் ஒருவர்.
அப்புறம் எவன் வாய்தாவுக்கு வருவான் என்றார் இன்னொருவர்.
இருவருக்கும் கைதட்டினார்கள்.
போண்டா ஆறிப்போயிருந்தது.
கேட்டுவிட்டுப் பூலுடையார் சொன்னார்:
"நல்லதுதான் வே, வரட்டும்.
ஆனா இவனுவளுக்கு மாமன் எவன் இருக்கான்?"

கூண்டில் ஏறினார்.
சொந்த வீடா?
சொந்த வீடுங்கய்யா.
வேறு யாருக்கும் ஜாமீன் நிற்கிறீரா?
இல்லங்கய்யா.
குடியிருப்பது அங்கேதானா?
கொஞ்சம் நேரம் எடுத்தது.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அங்கேதாங்கய்யா.

அடுத்த வாய்தாவுக்குப் பையன் வந்தான்.
காலை ஒன்பதுக்கே, பதினோரு மணிக் கோர்ட்டுக்கு.
கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம், மாமாவுக்கென்று.
எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை.

பூலுடையார் கண்ணைச் சுருக்கி
அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.
பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.
"எந்த அக்கா மவன்ல நீ?"