ஓர் ஏற்றத்துக்கு ஒன்றரைப் பக்கம்

வால்பரைசோவில் என் வேலை
ஒரு நெம்புகோல், ஒரு மணி, ஒரு சில்லறைப் பெட்டி.
கீழே பத்துப் பேர் ஏறியதும் நெம்புகோலைத் தள்ளுவேன்.
விஞ்ச் முனகும்.
மிச்சத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளும்.
குன்றின் உச்சிக்கு எண்பது நொடி,
என் வாசிப்பில் அது ஒன்றரைப் பக்கம்.
படம் போட்ட பக்கமென்றால் இரண்டு.

இப்போது ஓடுவது கயிற்றின் வரலாறு.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், வெறும் கயிறு.
நூலகத்தில் இதை நீட்டியபோது
எவாரிஸ்தோ புருவம் தூக்கினான்:
"நாவல் ஏதும் வேண்டாமா? காதல், கொலை?"
இதிலும் இருக்கின்றன என்றேன்.
தூக்குமேடைக்குத் தனி அத்தியாயமே உண்டு.

நாவல்காரர் என்னை அழவைக்க ஆளைக் கொல்வார்.
இவருக்கு அந்த வசதி இல்லை.
செத்தவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள்;
கப்பல் மூழ்கும் என்று முன்னுரையிலேயே போட்டு உடைத்துவிட்டார்.
ஆனாலும் நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில்
பாய்மரக் கயிறு நைந்து நைந்து
ஒற்றைப் புரியில் நின்றபோது
என் கை நெம்புகோலை இறுக்கியது.
தாங்கிவிடும், இந்த முறை தாங்கிவிடும் என்று
இருநூறு வருடம் தாமதமாக ஒரு வேண்டுதல்.

காலை ஏழரைக்கு மீன்காரர் செனோபியோ வருவார்.
"இன்று என்ன?" என்பார், சில்லறையை எண்ணிக்கொண்டே.
கடற்படைக் கயிற்றுக்குள் ஒரு வண்ண நூலை ஓடவிடுவார்களாம்,
திருடியவன் எங்கே அறுத்தாலும்
உள்ளிருந்து அது காட்டிக்கொடுக்குமாம் என்றேன்.
"நீயும் கயிறு திரிக்கிறாய்" என்று சிரித்தார்.
மறுநாள்
தன் படகுக் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து
ஒன்றுமில்லை என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பல் மருத்துவர் சுனில்தாவுக்கு
முடிச்சு எண்ணிக் கப்பலின் வேகம் அளந்த கதை.
அன்று முழுக்க அதை நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்.
வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள்
மறுத்துப் பேச முடியாதே.

எனக்குப் பிடித்தது வேறு.
கயிறு திரிப்பவன் சணலை இடுப்பில் சுற்றிக்கொண்டு
பின்னோக்கி நடப்பானாம், நாள் முழுக்க.
கண்ணெதிரே முறுக்கேறிய கயிறு;
நடக்கவேண்டிய தூரமெல்லாம் முதுகுக்குப் பின்னால்.
அந்தப் பத்தியை மூன்று ஏற்றங்களுக்குப் படித்தேன்.
மேலே வந்து சேர்ந்தவர்கள்
கதவைத் திறக்கச் சொல்லித் தட்டினார்கள்.

பிறகு இருநூற்று எண்பத்தேழில்,
அடிக்குறிப்பில், நாங்கள்.
ஊர்ப் பெயர்கூட இல்லை.
"பசிபிக் துறைமுகம் ஒன்றில்
விஞ்ச் கம்பி அறுந்து சிலர் காயமுற்றனர்."
ஆண்டும் மாதமும் எங்களுடையவை.

சிலரா?

எந்திர அறையில் கறுப்பு அட்டைப் பதிவேடு இருக்கிறது.
மழை ஒழுகிய இடம் போக மிச்சத்தைப் படிக்கலாம்.
அன்று பெட்டியில் ஆளே இல்லை.
ஒரு பியானோ, அவ்வளவுதான்.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது.
எழுதினேன்.
பென்சிலால், ஓரத்தில், எலி கொறித்தாற்போல:
"ஆட்கள் இல்லை. பியானோ மட்டும்."

குளிர்காலம் போயிற்று. இடையில் உப்பைப் பற்றி ஒன்று,
பிளேக் பற்றி ஒன்று, பாதியில் விட்ட ஒரு போர்.
கயிற்றை மறுபடி எடுத்தேன்.
என் எழுத்தைப் பார்க்கத்தான், பொய் சொல்வானேன்.
அதன் கீழே, பச்சை மையில், யாரோ:
"யாருடைய பியானோ?"

இதை எடுத்துப் போனது யாரென்று சொல்ல
எவாரிஸ்தோ மறுத்துவிட்டான். சட்டமாம்.
வண்டியில் ஏறும் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும்
பச்சைப் பேனா தேடுகிறேன்.

இப்போது என் மடியில் புத்தகம் இல்லை,
பதிவேடு.
விபத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்:
கிரீஸ் மூன்று டப்பா. மணிக்குப் புது நாக்கு.
சீட்டு வாங்காமல் தினமும் ஏறிய நாய்.
ஓர் ஏற்றத்துக்கு நான்கு வரிதான் நகர்கிறது,
எழுதியவனின் கையெழுத்து அப்படி.

கீழே மணி அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும், ஒரு நிமிடம்.
இங்கே "சுமைக்கூலி பாக்கி" என்று போட்டு
பக்கத்தில் ஒரு பெயர்,
முதலெழுத்து மட்டும் தெளிவாக