மான் தின்ற சரணம்

ஐஸ் தொழிற்சாலைக்கு மேல்மாடி,
எட்டடிக்குப் பத்தடி அறை.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
கதவுக்கு, ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த மெத்தை.
சுவேந்தினி அந்த மெத்தையைப் பார்த்துத்தான்
எட்டுக் காதல் பாட்டையும் பாடினாள்.

கீழே ஐஸ் உடைக்கிற மெஷின்
ஒன்றரைக்கு நிற்கும்.
நாலரைக்கு வள்ளக்காரர் வரத் தொடங்கிவிடுவார்கள்.
இடையில் கிடைத்த மூன்று மணித்தியாலம்தான்
அந்த ஆல்பம்.
ஃபேன் போட்டால் மைக்கில் விழும்.
தம்பியின் பள்ளிக்கூட ரையால்
கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பாடுவாள்.
இரண்டாம் பாட்டு முடிகிற இடத்தில்
நீளமாய் ஓர் ஊதல் வருமே,
கொழும்பில் யாரோ அதைப் புல்லாங்குழல் என்று எழுதினார்களாம்.
அது சீமெந்துக் கப்பல்.

நாலாவது பாட்டுக்கு வருகிறேன்.

அன்று தேத்தண்ணி குடிக்கக் கோட்டை வாசலடிக்குப் போனோம்.
ரோல்ஸ் பையோடு பாட்டுத் தாளையும் மதிலில் வைத்தாள்.
திரும்பினால் ஒரு புள்ளிமான்.
இந்த ஊர் மான், வெட்கம் கெட்டது,
ரோல்ஸை விட்டுவிட்டு
இரண்டாம் சரணத்தை மென்றுகொண்டு நிற்கிறது.
"விடு, அதுக்குப் பசி" என்றாள்.
திருப்பி எழுதச் சொன்னேன்.
"இனி வராது."
மெஷின் நின்றுவிட்டது, நேரம் போகிறது.
அந்தப் பதினாறு பாருக்கும்
வாயை மூடிக்கொண்டு முனகினாள்.

மூன்று மாதம் ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.
பிறகு மூதூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் போட்டான்.
பிறகு மட்டக்களப்பு.
பிறகு டொரொண்டோ கலியாண மண்டபங்கள்.
"சொற்கள் தோற்றுப்போன இடம் அது" என்று
வானொலியில் ஒருவருக்குத் தொண்டை அடைத்தது.
யாருக்காகப் பாடினீர்கள் என்று
போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள்.
"ஸ்கூட்டி லீசிங் கட்ட" என்று சிரிக்கிறாள்.
ஒருவரும் நம்புவதில்லை.

போன மாதம் மைதானத்தில் கச்சேரி. சவுண்ட் நான்தான்.
நாலாவது பாட்டில் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினாள்.
ஆறாயிரம் பேர் வாயை மூடி
மானின் வயிற்றுக்குள் போன சரணத்தை
பிசகாமல் முனகினார்கள்.
நடுவில் ஒரு குழந்தை மட்டும் வீரிட்டது.
மீட்டர் சிவப்புக்கு ஏறியது.
நான் குறைக்கவில்லை.

அந்தச் சரணத்தை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன்.
மைக் வயருக்குப் பற்றாசு வைத்துக்கொண்டிருந்தபோது
முகத்துக்கு முன்னால் தாளைப் பிடித்தாள்.
கை அலுவலாய் இருந்தது, சரியாக வாசிக்கவில்லை.
ஒரு வரி மட்டும் ஒட்டியிருக்கிறது:
ஈயம் மணக்கும் விரல்கள்.

திருகோணமலையில் பற்றாசு வைக்கிறவர்களை
எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர்.
இருவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
ரோனி மாஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது.
துறைமுகப் பக்கத்துப் பொடியன்
இந்தத் தையில்தான் வேலை பழக வந்தவன்.

விரலை முகர்ந்து பார்க்கிறேன்.
கீழ்மாடி மீன்தான் மணக்கிறது.