மறுதாம்பு

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில்
அதிகாலை மூன்று மணிக்குள்
எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட வேண்டும்.
லாரி உறுமி நிற்கும்.
நான் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து
வந்த சரக்கை அதற்குள் தள்ளி மூடுவேன்.
சம்பளம் அதற்குத்தான்.

நெல் தானியம். உளுந்து பருப்பு.
எள்ளை எண்ணெய்வித்தில் போடு, சணலை நாரில்.
தான் காய்கறி என்று
தக்காளிக்கு யாரும் சொன்னதில்லை.
அது பாட்டுக்குச் சிவந்து கிடக்கிறது.

மஞ்சள்தான் முதலில் என்னை அழவைத்தது.
கிழங்கா, மசாலாவா, மருந்தா, சாயமா?
"எந்தப் படிவம் குட்டையோ அது"
என்றார் திருமதி குவெக்,
கோப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
இருபத்தாறு வருட அனுபவம்.

தை பிறக்க நான்கு நாள் இருந்தது.
மூவாரிலிருந்து கரும்பு வந்தது.
தோகை கழிக்காத கரும்பு,
லாரிக்கு வெளியே ஓராள் நீளம்
தலையாட்டிக்கொண்டே பாலம் கடந்திருக்கிறது.

சர்க்கரைப் பயிர் என்று அடித்தேன்.
புல் வகை, என்றது கீழே ஒரு பொடி எழுத்து:
நெல்லுக்கும் மூங்கிலுக்கும் பங்காளி.
சரி, இருக்கட்டும்.
பயன்பாடு? ஆலைக்கா, உணவுக்கா?

தேக்காவில் பானைக்குப் பக்கத்தில் நிற்பதற்கு.
அதற்குப் பெட்டி இல்லை.

"அடுத்த மாதமும் வரும்" என்றார் திருமதி குவெக்.
"எங்கள் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு.
படை துரத்தியபோது எங்கள் ஆட்கள்
கரும்புக்குள் ஒளிந்து பிழைத்தார்களாம்.
ஹொக்கியன் வீடுகளில் அதையும் கட்டி நிறுத்துவோம்,
தோகையோடு."
அப்படியானால் இது சர்க்கரைப் பயிர் இல்லை,
மறைவிடம், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அதற்குப் பெட்டி இருக்கிறதா, பார்."

இல்லை.

ஆயுள்: ஓராண்டு, ஈராண்டு, பல்லாண்டு.
பத்து மாதத்தில் வெட்டுகிறார்களே,
அப்போது ஓராண்டா?
கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த கலியமூர்த்தியைக் கேட்டேன்.
ஆடுதுறைப் பக்கம். தோளெல்லாம் கரும்பின் வெள்ளைப் பொடி.

"வெட்டினா போயிடுமாண்ணே?
கட்டைய உள்ளயே விட்டு வச்சு
தண்ணி காட்டினா தானா தளுக்கும். மறுதாம்பு.
ரெண்டாம் வெட்டும் நல்லாத்தான் இருக்கும்.
மூணாவதுல சாறு எறங்கிடும்."

கட்டைத் தோளுக்கு ஏற்றியபடி,
பேச்சு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தபோது,

"பெர்மிட்டு ரெண்டு ரெண்டு வருசமாத்தான் குடுக்குறாங்க.
எனக்கு இது மூணாவது."

என் விரல் ஈராண்டின்மேல் இருந்தது.
நகர்த்தினேன்.
பல்லாண்டு என்று அடித்தேன்.
திரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.
அதற்கென்ன தெரியும்.

முறிந்த கரும்பு ஒன்றை விற்க முடியாது.
கலியமூர்த்தி முழங்காலில் வைத்து மூன்றாக ஒடித்தான்.
கணுப்பக்கம் எனக்கு வந்தது.
சாறு இறங்கியிருந்ததா என்று
சொல்லத் தெரியவில்லை எனக்கு; இனித்தது.
கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை.

சக்கையைக் கையில் வைத்துக்கொண்டு
திருமதி குவெக் சுற்றிலும் பார்த்தார்.

"இது எந்தத் தொட்டிக்கு?
உணவுக் கழிவா, பொதுக் குப்பையா?"