மூன்றாம் காலாண்டு, அக்கராயன்

அண்ணாச்சி,
நீங்கள் அனுப்பிய படிவத்தில்
ஆத்துமாக்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
மூன்று இலக்கம் எழுத இடம் விட்டிருக்கிறீர்கள்.
பெரிய மனசு.

ஆடி பிறந்ததும் பாலைப்பழம் பழுத்துவிட்டது.
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பதினேழு பேரும்
விடியவே காட்டுக்குள் போய்
உச்சிக்கு வந்தார்கள், பால் ஒட்டிய உதடுகளோடு.
மனப்பாட வசனம் பாதியில் ஒட்டிக்கொண்டது.
கோபிக்க வாய் திறந்தேன்,
சேட்டுப் பையிலிருந்து நாலு பழம் எடுத்துத் தந்தான் ஒருவன்.
எனக்கும் ஒட்டிக்கொண்டது.

குழாய்க் கிணறு பற்றிக் கேட்டிருந்தீர்கள்.
நூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீறியது.
ஸ்தோத்திரம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினேன்.
மறுநாள் தேத்தண்ணீரில் பால் திரைந்தது.
உவர்.
அந்தப் படத்தைத் தயவுசெய்து
நாட்காட்டியில் போடவேண்டாம்.

விசாவுக்காகக் கொழும்புக்கு நாலு தடவை.
முறிகண்டியில் பஸ் நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள்,
தேங்காய் உடையும் சத்தம் கேட்கும்.
முதல் மூன்று தடவையும் இருக்கையை விட்டு
நான் அசையவில்லை.
நாலாம் தடவை இறங்கிக் கச்சான் வாங்கினேன்.
"பாஸ்ரருக்கும் சேத்துத்தான் உடைச்சனான்" என்றார் சாரதி.
மூன்று மாதம் நீட்டித் தந்தார்கள்.
கேட்டது இரண்டு வருஷம்.

நான் பேசுகிறேன், இவர்கள் கதைக்கிறார்கள்.
வந்து ஒன்றரை வருஷமாகியும்
நான் வாய் திறந்தால்
படம் ஓடத் தொடங்கியதுபோல் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
ஒரே மொழி என்று சொல்லித்தானே
என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

இனி எழுதுவது கமிட்டிக்கு அல்ல.

ஆராதனையில் இரண்டு பட்டியல் வாசிப்பேன்.
சுகத்துக்காக ஒன்று.
இழந்தவர்களின் நினைவாக ஒன்று.
யோகமலர் ஒரு துண்டுக் கடதாசி தந்தாள்,
கொப்பியில் கிழித்தது.
கஜரூபன்.
அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.
எந்தப் பட்டியல் என்று எழுதவில்லை.
முடிவு செய்தது நான்.

பெயரை வாசித்ததும்
கூரைக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு
எழுந்து வெளியே போனாள்.
சோளகம் குடையைப் பிடித்து இழுத்தது.
அவள் விடவில்லை.

ஐந்து ஞாயிறு வரவில்லை.
நேரே போகப் பயம் எனக்கு.
சீலியா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தைத்
தட்டு நிறைய அடுக்கி ஒரு பிள்ளையிடம் அனுப்பினேன்.
அந்திக்கே தட்டு திரும்பியது.
கழுவி, துடைத்து,
ஒரு சிட்டிகை சீனிகூட இல்லாமல்.

நம் நாசரேத்திலும் அதற்கு அதே அர்த்தம்தான் அண்ணாச்சி.
முதல் தடவையாக
இந்த ஊரார் சொன்ன ஒன்று
எனக்கு முழுசாகப் புரிந்தது.

போனேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள்:
"என்ர பிள்ளைக்குச் செத்தவீடு செய்யச் சொல்லி
ஆர் உங்களிட்டச் சொன்னது?"
ஒருத்தரும் சொல்லவில்லை என்றேன்.
மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேனா, நினைவில்லை.
அவள் ஆட்டைப் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"உங்கட உவர்த் தண்ணி ஆடு குடிக்குமோ?"

குடிக்கிறது.
இப்போது அந்திதோறும் இரண்டு வாளியோடு வருகிறாள்.
கதைப்பதில்லை.
நான் பம்பு அடிக்கிறேன்.
வாளி நிறையும்வரை
அவள் றோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
பட்டியலில் கஜரூபனை மாற்றி எழுதிவிட்டேன்,
ஆனால் சத்தமாக வாசிக்க
அவள் இன்னும் உத்தரவு தரவில்லை.

கட்டத்தை வெறுமையாகவே அனுப்புகிறேன்.
கோபிக்காதீர்கள்.
பம்பின் தோல் வாசர் தேய்ந்துவிட்டது,
கிளிநொச்சியில் அந்த அளவு இல்லை.
வருகிறவர் யாரிடமாவது
இரண்டு கொடுத்தனுப்புங்கள்.