எட்டடி வானம்

எட்டடி நீளம், மூன்றடி உயரம்
வானம் வேண்டும் என்றேன்.
லோயர் பஜார் குஞ்ஞாமு காக்கா
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்:
"எத்தனை எம்எம்?"

முதலில் ஹார்டுபோர்டுதான் எடுத்தேன்.
குன்னூர் ஐப்பசியில் அது அப்பளம்.
கேத்திப் பள்ளத்தாக்கு நடுவில் உப்பி
லவ்டேல் பக்கம் சுருண்டு
தண்டவாளத்தில் இடித்தது.
கட்டைவிரல் நகம் உயரமுள்ள ஸ்டேஷன் மாஸ்டர்
இரண்டு நாளாகக் குப்புறக் கிடந்திருக்கிறார்.
நான் கவனிக்கவில்லை.
அந்த வாரம் வங்கியில் அரையாண்டுக் கணக்கு.

தெர்மகோல், பசை பட்ட இடத்திலிருந்து
மலையைத் தின்றுகொண்டே போனது.

மல்துணியை இழுத்துக் கட்டினேன்.
உள்பாவாடை காயவே
நான்கு நாள் ஆகும் ஊர்.
வானத்தில் பூஞ்சை வந்தது.
மேகம் என்று விட்டுவிடலாமா என
ஒரு வாரம் யோசித்தேன் என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.

போட்டோவாகவே அச்சடித்து ஒட்டு என்றாள்
கோயம்புத்தூர்த் தங்கை.
போட்டோவில் எப்போதும் காலை பத்தரை.
என் ரயில் ஓடுவதோ
பாத்திரம் கழுவி முடித்தபின்,
இரவு ஒன்பதுக்கு மேல்.

அப்புறம் அந்த மூலை.
அறைக்கு இருக்கிறது, வானத்துக்குக் கிடையாது.
மடிப்புத் தெரியாமல் வளைய வேண்டும்,
வளைந்தபடியே விறைப்பாக நிற்க வேண்டும்.
அந்தக் குணத்தை எங்கள் மேனேஜரிடம் பார்த்திருக்கிறேன்,
பலகையில் பார்த்ததில்லை.

தரைப்பலகை இடுக்கு வழியாக
நீலம் சொட்டுகிறது என்று சொல்லத்தான்
கீழ்வீட்டு மாசியக்கா மேலே வந்தாள்.
பூஞ்சை பிடித்த வானத்தை
மூக்கருகே போய்ப் பார்த்தாள்.
இறங்கிப்போய் ஒரு சுருளோடு திரும்பினாள்.

பத்துக்கு நாலு ஃபிளெக்ஸ்.
கண்ணீர் அஞ்சலி.
தேயிலை ஃபேக்டரி பாய்லர் லிங்கன்,
ஸ்டுடியோக்காரன் ஒட்டிவைத்த கோட்டும்
ஆயுளில் கட்டாத டையுமாக.

"விறகுக் கொட்டகைக்குப் போட்டிருந்தேன்.
ரெண்டு மழைக்கு ஒரு சொட்டு இறங்கலை.
ஆனா விறகெடுக்கக் குனியறப்பல்லாம்
மேலேர்ந்து பாக்குறாரு.
நீ வெச்சுக்கோ.
பின்பக்கம் வெள்ளைதான்."

மேலும் கீழும் அலுமினியப் பட்டை வளைத்து
இழுத்து முடுக்கினேன்.
ஜன்னலை மறைத்து, மூலையைத் தாண்டி
ஒரு சுருக்கமில்லாமல் போனது.
ப்ரைமர் இரண்டு கை.
டப்பாவில் வந்த நீலம்
ராமேஸ்வரத்துக்கு ஆகும்,
இங்கே யாரும் நம்பமாட்டார்கள்.
நான்கு துளி கறுப்பு, விரல் நுனியில் காவி.
தூரத்து மலைக்கு வெள்ளை சேர்த்தேன்,
அதற்கும் பின்னால் உள்ளதற்கு
இன்னும் வெள்ளை.
கடைசி மலையை வரையவேயில்லை.
அது அங்கேதான் இருக்கிறது.

மார்கழியில் ஒரு ஞாயிறு
அதிசயமாக வெயில்.
நாலரை மணிக்கு மேற்கு ஜன்னலில் இறங்கி
வானத்தின் முதுகில் பட்டது.
கேத்திக்கு மேலே
இடவலம் மாறிய எழுத்துகள் முதலில்.
பிறகு ஒரு டை.
பிறகு மீசை.

மூன்றாவது கை ப்ரைமர் அடித்திருக்க வேண்டும்.
ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்சின் வாங்கினேன்,
"இது எதுக்கு?" என்றார் காக்கா.
"வெயிலுக்கு."
அவர் வெளியே மூடுபனியைப் பார்த்தார்,
சில்லறை கொடுத்தார்.

சுருள் மேசைக்கடியில் பிரிக்காமல் கிடக்கிறது.
வெயில் வருகிற ஞாயிறுகளில்
நாலரைக்கு ஒரு வண்டி விடுகிறேன்,
அட்டவணையில் இல்லாதது.
மாசியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு
இன்ஜினை மட்டும் பார்க்கிறாள்.
"தண்ணி பத்தலைன்னா சத்தம் மாறும்,
அவரு சொல்வாரு."
என் இன்ஜினில் தண்ணீர் கிடையாது,
பன்னிரண்டு வோல்ட்.
சொல்லவில்லை.

அந்திக்கு நிறம் இன்னும் சரிவரவில்லை.
கீழே சொட்டுகிறதாம்,
இப்போது ஆரஞ்சு.