பிடி சூழ்ந்த நிலம்

முஞ்சிறைப் பக்கத்துச் செப்புப் பட்டயம் ஒன்று.
சபையார்க்கு மாற்று நிலம் கொடுத்து
ஒரு விளையை வாங்கினார்கள்.
பெண்யானையை நடக்கவிட்டார்கள்.
அது சுற்றிவந்த தடமே எல்லை.
உள்ளே ஒரு சாலை,
தொண்ணூற்றைந்து சட்டர் தங்கிப் படிக்க.
வசை பேசினால் தண்டம்.
ஆயுதத்தோடு அவைக்கு வரக்கூடாது.

ஓணம் லீவில், மழை ஒழுகிய அலமாரியைக் காயவைக்கையில்
ஒரு பழைய மலரில் இதை வாசித்தேன்.
குழித்துறைக்கு மேற்கே எங்கள் வேளாண் கல்லூரி.
நான் மண் பரிசோதனைக்கூட உதவியாளன்.

எங்களுக்கு யானை வரவில்லை.
சர்வேயர் வந்தார், சங்கிலி வந்தது,
முந்நூற்றுப் பதினேழு முதல் நாற்பது வரை கல் நட்டார்கள்.
கோப்பில் "பொதுநலன் கருதி" என்றிருக்கிறது.
அதன் கீழே ஒரு கைநாட்டு:
தபசிமுத்து. வாழை நாற்பத்தாறு மூடு. கிணறு ஒன்று.
வாழைக்கு விலை போட்டிருக்கிறது.
கிணற்றுக்கு நேரே ஒரு கோடு.

கிணறு எனக்குத் தெரியும்.
பெண்கள் விடுதிக்குப் பின்னால், கம்பிவலை போட்டு.
சித்திரையிலும் வற்றாது.

வருஷத்துக்கு அறுபது இடம் எங்களுக்கு,
இந்த முறை நாற்பத்தொன்று பெண்கள்.
பால்வெட்டுகிறவர் மகள், வலை பின்னுகிறவள் மகள்.
அந்தத் தொண்ணூற்றைந்தில்
பெண் ஒருத்தியும் இருந்திருக்க மாட்டாள்,
எல்லையை நடந்த யானையைத் தவிர.

செவ்வாய்க்கிழமை ரெத்தினபாய் வந்தாள்,
சாலாப் பையில் இரண்டு கிலோ மண்,
மஞ்சளித்த மட்டி இலை ஒன்று.
படிவத்தில் சர்வே எண் கேட்டேன்.
யோசிக்காமல் சொன்னாள்: முந்நூற்று இருபத்தொன்பது.
"அது காலேஜ் இருக்க இடம்லா, அக்கா."
"ஆமா" என்றாள். "வாயில அதுதான் வருது."
பிறகு பையைத் துழாவி
இப்போதைய பட்டாவை எடுத்தாள்.

கட்டணம் முப்பது ரூபாய்.
வாங்காமல் இருக்கலாமா என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.
அவள் எண்ணி வைத்துவிட்டாள், சில்லறையாக.
ரசீது கொடுத்தேன்.

சாம்பல் சத்து குறைவு, சுண்ணாம்பு போட வேண்டும்.
இதைச் சொல்லத்தான் இவ்வளவு கட்டடம்,
இவ்வளவு கல்,
நாற்பத்தாறு மூடு வாழை.
போதுமா என்று எனக்குத் தெரியாது.
அவள் இரண்டு முறை சொல்லச்சொல்லிக் கேட்டாள்,
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"குடிக்க வெள்ளம் கிடைக்குமா?"
ஃபில்டர் ரிப்பேர்.
விடுதிப் பக்கம் போய் இறைத்து வந்தேன்.
குடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

கிழக்குக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள்.
பஸ்ஸுக்கு அந்தப்பக்கம் போகணும்.
மதிலை ஒட்டி நடந்தாள்,
எங்கள் நிலம் முழுவதையும்
வலமாகச் சுற்றி,
அவசரமில்லாமல்.