ஐந்தாம் சுற்றுக்குச் சீட்டில்லை

வெர்ன் ஸ்டகூராவின் சீட்டுக்கட்டை
மேசையில் பிரித்துப் பரப்புகிறேன்.
டொலீடோ. விடுதியின் கீழ்த்தளம். வெளியே பனி.
காலிறுதியில் என்னிடம் தோற்றவர்
"வேணும்னா பார்" என்று விட்டுப்போனது.

அறுபது சீட்டு.
ஒற்றை விலை வீரர்கள் பதினாறு:
கந்தகப் பையன், ஆணிக்கால், வௌவால் சகோதரிகள்,
முகமூடியைத் தைத்து முடிக்காத
அந்தப் பேருந்து ஓட்டுநர்.
இரண்டு விலைக்குப் பன்னிரண்டு. மூன்றுக்கு எட்டு.
நான்கில் ஒருத்திதான், நான்கு பிரதி: உலைக்காரி.
அதற்குமேல் ஆளே கிடையாது.
மிச்சம் இருபதும் அடி.
அடிமேல் அடி;
நான்காம் சுற்றுக்குள் அம்மி நகர்ந்துவிட வேண்டும்.

கேடயம் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

முதல் கை நான்கு சீட்டு:
ஒற்றை விலை வராமல் போக நூற்றில் இருபத்தெட்டு.
கலைத்து மறுபடி எடுத்தால், எட்டு.
பென்சிலால் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.
கணக்கில் பிழையில்லை.

எனக்கு இரண்டு புள்ளி மிஞ்சியிருந்தபோது
ஐந்தாம் சுற்று வந்தது.
வெறுங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தார்,
பதினொரு மணிக்குக் கண்ணாடி ஆலையில் வேலையாம்,
எப்படியும் கிளம்ப வேண்டியதுதானாம்.

என் கட்டில்
ஏழாம் சுற்றுக்கென்று நான்கு பேர் இருக்கிறார்கள்.
பளபளப்புத் தாள், உறைக்குள் உறை.
இந்த வருடம் ஒருத்தரையும் இறக்கியதில்லை.

அரையிறுதிக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள்.
அவருடைய அறுபதையும் எண்ணி
ரப்பர் வளையம் போடுகிறேன்.
ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது,
உலைக்காரிக்கு மட்டும் ஒரு மூலை மடங்கி.